ஏழு எழுத்து தள்ளி

குத்தாயிசியில் பிப்ரவரி மழை.
ஆய்வகத்து ஜன்னலுக்குக் கீழே
ரியோனி ஆறு சேற்று நிறத்தில் போகிறது.
சியாலா இரண்டு தட்டுகளை
விளக்கின் அடியில் அருகருகே வைக்கிறாள்.
இரண்டும் பத்ரியின் நெஞ்சுச் சளியில் வளர்ந்தவை.
பத்ரி, மினிபஸ் ஓட்டுநர்,
ஆறாம் படுக்கை,
வென்டிலேட்டரில் இருபத்திரண்டாம் நாள்.

நாலாம் நாள் தட்டில்
மருந்து வில்லையைச் சுற்றி அகலமாய் ஒரு வெற்று வட்டம்.
பத்தொன்பதாம் நாள் தட்டில்
வில்லையின் விளிம்பு வரைக்கும்
பாசி படர்ந்த மாதிரி.

"வேறு கிருமி தொற்றியிருக்கும்" என்றார் டாக்டர் எல்குஜா,
கையுறையைக்கூடக் கழற்றாமல்.

இல்லை.
அதே அசினெட்டோபாக்டர், அதே வம்சம்.
மருந்தை வெட்டிப்போடும் புரதத்துக்கான மரபணு
நாலாம் நாளும் இருந்தது.
எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன்,
ஒன்றும் மாறவில்லை.
அன்று முணுமுணுத்துக் கிடந்தது
இன்று கத்துகிறது, அவ்வளவுதான்.

இரண்டு நாள் நான் குளிர்பெட்டியைச் சந்தேகித்தேன்.
வில்லை விற்ற கம்பெனியை.
புதிதாய்ச் சேர்ந்த பையனின் கையை.

சியாலாதான் மரபணுவை விட்டுவிட்டு
அதற்கு முன்னால் கிடக்கும் வெற்று நிலத்தைப்
பெருக்கி எடுத்து ஜெல்லில் ஓட்டினாள்.
பழைய மாதிரி சரசரவென்று அடிக்குப் போயிருந்தது.
புதியது பாதி வழியில்
பாரம் தாங்காமல் நின்றிருந்தது.
"ஆயிரத்து இருநூறு எழுத்து கூடுதல்" என்றாள்.
"யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்."

தாவும் துண்டு.
இடம் மாறுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத துண்டு.
எந்தச் சாக்கடையில், எந்தக் கிருமியிடம்
எப்போது ஒட்டிக்கொண்டதோ.
அதற்கு நோய் தெரியாது,
ஆறாம் படுக்கை தெரியாது.
மரபணுவுக்கு ஏழு எழுத்து தள்ளி விழுந்தது.
அதன் ஓரத்தில்
வெளிப்பக்கம் பார்த்தபடி
'ஆரம்பி' என்றொரு கட்டளை.

தூங்குகிறவனை எழுப்பலாம்,
நடிக்கிறவனைத்தான் எழுப்ப முடியாது.
இது நடிக்கவில்லை.

இதைக் கெட்டிக்காரத்தனம் என்று எழுத வந்த கையை
நிறுத்திக்கொண்டேன்.
இதே துண்டு எத்தனையோ செல்களில்
முக்கியமான ஒரு மரபணுவின் நடுவயிற்றில் விழுந்து
செல்லோடு சேர்ந்து செத்திருக்கும்.
எத்தனையோ செல்களில் சும்மா கிடந்திருக்கும்.
அவை எதுவும் என் மேசைக்கு வரவில்லை.
வந்த இந்த ஒன்றை மிச்சம் வைத்தது
எட்டு மணிக்கு ஒருதரம் நாங்களே தொங்கவிட்ட
மெரோபெனெம் பை.

அறிக்கையில் அதற்கென்று கட்டம் இல்லை.

நடைவழியில் அவன் மனைவி நனூலி,
மடியில் இரண்டு சீமைமாதுளை,
யாருக்கென்று அவளுக்கே தெரியாது.
"புதுக் கிருமியா?"
"பழையதுதான்."
"பின்னே ஏன் மருந்து கேட்கவில்லை?"
கொஞ்சம் யோசித்து,
"அதுக்குள்ளே சத்தம் கூடிப்போச்சு" என்றேன்.
தலையாட்டினாள்.
"இவரும் அப்படித்தான்.
வண்டியில் ரேடியோவைத் திருகிவிட்டால்
பின் சீட்டில் குழந்தை அழுதாலும் காதில் விழாது."
நான் சொல்ல வந்தது அது இல்லை.
திருத்தவில்லை.

சாயங்காலம் கோலிஸ்டின் ஆரம்பித்தார்கள்.
சிறுநீரகம் தாங்குமா என்று
மணிக்கு மணி சிறுநீரை அளக்கிறார்கள்.

திரையில் அந்த வரிசையைத் திரும்பவும் திறந்தேன்.
துண்டு நுழைந்த இடத்தில் ஒரு தழும்பு:
இடப்பக்கம் ஒன்பது எழுத்து,
வலப்பக்கம் அதே ஒன்பது.
உள்ளே வரும்போது இழுத்த இழுப்பில்
நிலைப்படி இரண்டாகிப் போனது போல.
சியாலா கோட்டைப் போட்டுக்கொண்டு
கிளம்புகிறவள் கிளம்பாமல்
என் தோளுக்குப் பின்னால் நின்று
ஒவ்வொன்றாய் வாய்விட்டு வாசித்தாள்,
முதலில் இந்தப் பக்கம்,
பிறகு அந்தப் பக்கம்.
வெளியே மழை விட்டிருந்தது.
ஆறு இன்னும் சத்தமாகத்தான் போனது.